முத்திரை விழாத பெட்டி எல்லை தாண்டாது

நடுவிரலை மடக்கிப் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டுகிறார் பால்வண்ணநாதன். பிறகு காதை வைத்துக் கேட்கிறார். லாரிக்காரர் பீடியைப் பற்றவைக்கிறார்.

“உள்ள அரிசில்லா கெடக்கு! அரிசின்னா மூச்சு விடாது வே” என்கிறார் பால்வண்ணநாதன்.

ஆணியைப் பிடுங்கினால் கயிறு. கொச்சிக்குப் போய்க் கப்பலேற வேண்டிய தும்புக் கயிறு. பாதி நாள் அவர் கணிப்பு இப்படித்தான். ஆனாலும் அடுத்த பெட்டிக்கும் காது போய்விடும்.

புளியறைச் சோதனைச் சாவடியில் அவருக்குப் பெட்டிகளோடுதான் பிழைப்பு. திறந்து பார்த்து ஈய முத்திரை வைக்காமல் ஒரு பெட்டியும் கேரள எல்லை தாண்டக் கூடாது. அரிசித் தட்டுப்பாட்டுக் காலம்; பெர்மிட் இல்லாத அரிசி தாண்டவே கூடாது. வீட்டு ஊறுகாய் ஜாடிக்கும் நூல் கட்டி முத்திரை வைத்திருக்கிறார். “ஒரு துண்டு மாங்கா எடுக்க சர்க்காருக்கு மனு போடணுமாக்கும்!” என்பார் அவர் மனைவி.

மகள் உலகம்மைக்கு மகன் பிறந்த பிறகு சாவடியில் தாமதம் இன்னும் கூடியது. “நேத்து குப்புற விழுந்துட்டான் வே!” என்று அவர் ஆரம்பித்தால் லாரி வரிசை செங்கோட்டையை எட்டும்.

நேற்று அந்தப் பேரன் புனலூருக்கு, அப்பன் வீட்டுக்குக் கிளம்பினான். பஸ் சாவடியில் நின்றது. மேலே உலகம்மையின் தகரப் பெட்டி.

“அண்ணாச்சி, ஒங்க வீட்டுப் பொட்டிக்கு மட்டும் சட்டம் கெடையாதோ?” என்று சீண்டினார் கண்டக்டர் பரீது.

இறக்கச் சொன்னார். தட்டினார். காதை வைத்தவரின் முகம் சுண்டிப்போயிற்று. பார்த்து அன்றைக்கா கணிப்பு பலிக்க வேண்டும்? பேரனின் துணிகளுக்கு அடியில் அரை மரக்கால் அரிசி.

“யாருட்டி வச்சா?”

“அம்மைதான். அங்கன கப்பக்கிழங்குதான் கெடைக்குது. ஒங்க பேரனுக்குப் பால் குடுக்கவ சோறு திங்க வேண்டாமா?”

“பெர்மிட்டு இருக்கா?”

பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அரிசியைச் சர்க்கார் சாக்கில் கொட்டினார். பெட்டியை மூடி முத்திரை வைத்தார். உலகம்மை பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“இனிமே பேரனப் பாக்கணும்னு அங்கன வந்துராதீங்க, சொல்லிட்டேன்.”

பரீது விசிலடித்தார். மூங்கில் தடுப்பு உயர்ந்தது. பஸ் ஒரு முழம் நகரவில்லை, தடுப்பு மறுபடியும் இறங்கியது.

“இன்னும் என்ன சோதன, அண்ணாச்சி?”

பால்வண்ணநாதன் உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்தார். உலகம்மையின் ஜன்னலுக்குக் கீழே போய் நின்று, இரண்டு கைகளையும் பேரனை நோக்கி மேலே நீட்டினார்.