பிடுங்காமல் வந்த பல்

இன்று கடைவாய்ப் பல்லைப் பிடுங்கத் தனுஷ்கோடியிலிருந்து ரயிலில் பரமக்குடிக்குப் போனேன். காதுவரை நரம்பு சுண்டி இழுத்ததில் சரியான தூக்கமில்லை. பாம்பன் பாலம் தாண்டியதும் கண்ணயர்ந்துவிட்டேன்.

எதிரே செபமாலையோடு இருந்த பெண் என் முழங்காலைத் தட்டி எழுப்பினாள்.

"யக்கா, தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறீக. எனக்குக் கூசுது."

"அந்தப் பல்லைத்தான் பிடுங்கப் போறேன்" என்றேன்.

அவள் வாயைத் திறந்து காட்டினாள். இரண்டு பல் இல்லை.

"நானும் பிடுங்கினேன். வீட்டுக்காரரு கடலுக்குப் போனா இப்பவும் தூக்கத்துல கடிக்கிறேன். இப்ப மிச்சப் பல்லு வலிக்குது."

யோசித்துப் பார்த்தேன். மகன் சிலோனுக்குக் கப்பலேறிய பிறகுதான் எனக்கும் இந்த வலி.

பரமக்குடியில் இறங்கியும் டாக்டரிடம் போகக் கால் எழவில்லை. அடுத்த ரயிலில் பல்லோடு திரும்பிவிட்டேன்.

இதை எழுதும்போதும் தாடை இறுகித்தான் இருக்கிறது. தூங்குகிற வாயை அதட்டி வைக்க உங்களில் யாருக்காவது வழி தெரியுமா?