கிருமிகளுக்கு ஒரு படையல்

என் முதல் வேலை மும்பைப் பக்கம் வாஷியைத் தாண்டி ஒரு மருந்துக் கம்பெனியில். இரண்டு ஆள் உயரமுள்ள எஃகுத் தொட்டிக்குள் மண்ணில் வாழும் ஒருவகைக் கிருமியை வளர்த்து, அது சுரக்கிற ஆன்டிபயாடிக்கை எடுப்போம். அந்தக் கிருமிக்குப் புதுமழை பெய்த மண்ணின் வாசனை. காற்றுக் குழாய் வழியாக அந்த வாசனை கசிகிற நாட்களில், புது வாட்ச்மேன் காயப்போட்ட துணியை எடுக்க ஓடுவார்.

கிருமியின் குணமும் அலாதிதான். சர்க்கரை தாராளமாகக் கிடைத்தால் தின்று தின்று பெருகும், மருந்து சுரக்காது. ஏன் சுரக்க வேண்டும்? வீட்டில்தான் எல்லாம் இருக்கிறதே. சர்க்கரை குறைந்து வயிறு காயத் தொடங்கினால்தான் ஆன்டிபயாடிக் வரும். ஆகவே முதலில் நன்றாகப் போட்டு வளர்த்துவிட்டு, பிறகு குளுக்கோஸைச் சொட்டுச் சொட்டாகக் கஞ்சத்தனமாக விட வேண்டும். அந்தக் கஞ்சத்தனத்துக்கு நான் ஒரு புதுத் திட்டம் போட்டிருந்தேன். பழைய முறையைவிட அதிக மருந்து வந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வீடு டோம்பிவிலியில். செம்பூரில் தோழியோடு அறை எடுத்து, ரயிலில் உட்கார்ந்து வேலைக்குப் போகிற சுகத்தை அப்போதுதான் கண்டிருந்தேன். மறுபடியும் டோம்பிவிலி லோக்கல் ரயில் நெரிசலில் ஒற்றைக்காலில் நிற்க என்னால் ஆகாது.

எங்கள் ஷிப்ட் இன்சார்ஜை எல்லோரும் அண்ணாச்சி என்போம். பூர்வீகம் திருநெல்வேலி, பிறந்தது தாராவி, படிப்பு கெமிக்கல் டிப்ளமா, குரல் மூன்று மாடிக்குக் கேட்கும். யார் "போதும்" என்றாலும் அவர் காதில் விழாது. டயட்டில் இருப்பதாகச் சொன்ன மராத்தி ஃபிட்டரை ஒரே மாதத்தில் புது பேன்ட் தைக்க வைத்தவர்.

ஆயுத பூஜை வந்தபோது, என் திட்டப்படி ஓடிய முதல் பேட்ச்சில் அப்போதுதான் சர்க்கரையைக் குறைக்கத் தொடங்கியிருந்தேன். ஓடுகிற தொட்டியை நிறுத்த முடியாதென்பதால், ஓட ஓடவே அதற்குத் திருநீறும் சந்தனமும் குங்குமமும் இட்டார்கள். பிரஷர் மீட்டரில் சாமந்தி மாலை தொங்கியது. அதை விலக்கி விலக்கித்தான் நான் ரீடிங் எடுத்தேன். பொரி, கடலை, சுண்டல் எல்லாம் ஆனபின், கேட்டில் பூசணிக்காய் உடைப்பதைப் பார்க்க எல்லோரும் போனோம். அண்ணாச்சி மட்டும் வரவில்லை.

திரும்பி வந்து பேனலைப் பார்த்தால், தொட்டிக்குள் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தரைமட்டத்தில் கிடந்தது. உள்ளே இருக்கிற கோடானுகோடிப் பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து வெட்டினால்தான் அப்படிச் சரியும். குளுக்கோஸ் வால்வு முழுசாகத் திறந்திருந்தது. பக்கத்தில் அண்ணாச்சி, பந்தி விசாரிக்கிறவரின் முகத்தோடு நின்றார்.

"அண்ணாச்சி, என்ன பண்ணினேள்?"

"நல்ல நாளும் அதுவுமா நாம மட்டும் திங்கலாமா தாயி? உள்ள கெடந்து உழைக்கது அதுகதாம்லா. ஒரு வாய் கூடப் போட்டேன்."

"ஒரு வாயா? கல்யாணச் சாப்பாடே போட்டுட்டேள்!"

வால்வை மூடினேன். கோபத்தைவிடப் பயம் அதிகம். மருந்து இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு வழி உண்டு. வேறொரு பாக்டீரியாவைப் படரவிட்ட தட்டில் தொட்டிச் சாற்றைச் சொட்டு விடுவோம். மருந்து இருந்தால், சொட்டைச் சுற்றி அந்த பாக்டீரியா வளர முடியாமல் தெளிவாக ஒரு வட்டம் விழும். மறுநாள் தட்டில் வட்டமே இல்லை.

மேனேஜர் எட்டிப் பார்த்து, "க்யா மேடம், குச் நஹி?" என்றார். ஒன்றுமே இல்லையா என்று மெதுவாகத்தான் கேட்டார். பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அண்ணாச்சியைக் காட்டிக்கொடுக்கவில்லை. பெருந்தன்மை ஒன்றும் கிடையாது. கிருமிக்குப் படையல் போட்டார் என்று எந்த பாஷையில் சொன்னாலும் மேனேஜர் நம்பியிருக்க மாட்டார்.

இனி ஒரே வழி, இருக்கிற சர்க்கரை தீரும்வரை பட்டினி போடுவது. வால்வுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அண்ணாச்சி அடிக்கடி வந்து, தொட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"மொகமெல்லாம் வாடிப் போச்சு தாயி."

"அதுகளுக்கு முகமே கிடையாது அண்ணாச்சி."

"ஒனக்கு மனசு கெடையாதுன்னு சொல்லு."

டிபன் பாக்ஸைத் திறந்தேன். "அதுக பாக்கப் பாக்கத் திங்கியே" என்றார். பாக்டீரியாவுக்குக் கண் இல்லை என்று பட்டம் வாங்கிய நான், நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

ஒருவழியாகச் சர்க்கரை தீர்ந்து ஆக்சிஜன் ஏற ஆரம்பித்தது. மறுபடி என் கணக்குப்படி சொட்டுச் சொட்டாக விட்டேன். அடுத்த தட்டில் மிளகு அளவுக்கு ஒரு வட்டம். பிறகு பட்டாணி அளவு. கடைசியில் பத்து ரூபாய் நாணயம் அளவு. பேட்ச் தாமதமாக முடிந்தாலும் பழைய முறையைத் தாண்டிவிட்டது. மேனேஜர் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சலோ, மேடம் பர்மனென்ட்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நேராக அண்ணாச்சியிடம் போய் நின்றேன்.

"பாத்தேளா? வயிறு ரொம்பினா ஒண்ணும் வராது. பசிச்சாத்தான் உள்ளே இருக்கற நல்லது வெளியே வரும்."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கிருமிக்கு அப்படி இருக்கலாம் தாயி. எங்கப்பா வேல பாத்த தோல் பட்டறைய மூடுனப்ப எங்க வீட்லயும்தான் பசிச்சுது. நல்லது ஒண்ணும் வெளிய வரல. சண்டதான் வந்துது."

அவர் தொட்டியைப் பார்த்தபடியே சொன்னார்.

"இனிமே எல்லா பேட்ச்சும் ஒன் கணக்குதான், மேனேஜர் சொல்லியாச்சு. நானும் பாத்துக்கிடுதேன். ஆனா அந்த வால்வ மூடுதத மட்டும் நீயே செஞ்சிரு. எனக்குக் கை வராது."

ஒவ்வொரு பேட்ச்சிலும் அதை நான்தான் மூடுகிறேன். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி டீ குடிக்கப் போய்விடுவார்.