ஒன்பது மீனுக்கு ஒன்பது பாட்டில்

எட்டு வந்துவிட்டது. ஒன்பதாவதைத்தான் காணோம். கற்பகம் தொட்டியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்க்கிறார். காலை ஆறே முக்கால் மணி. "டீ ஆறிப்போவுது" என்று சமையலறையிலிருந்து கணவர் லோகநாதன் குரல் கொடுக்கிறார். கவிழ்த்து வைத்த கொட்டாங்குச்சிக்குள்ளிருந்து நீல வால் ஒன்று மெல்ல அசைந்து வெளியே வருகிறது. "வந்துட்டியா? உன்னால எல்லாரும் பட்டினி கெடக்கறாங்க" என்கிறார் கற்பகம். அதன் பிறகுதான் தீனி டப்பா திறக்கும். தீனியும் ஒரே இடத்தில் விழாது. மூன்று மூலைகளில் தூவுவார். ஒரே இடத்தில் போட்டால் பலசாலி தின்பாள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

ஒன்பதும் பெண் ஃபைட்டர் மீன்கள். ஆண் ஃபைட்டர் இரண்டைச் சேர்த்து விட்டால் ஒன்று சாகும் என்பது ஆரணியில் மீன் வளர்க்கும் எல்லோருக்கும் தெரியும். பெண்களும் சளைத்தவர்கள் அல்ல. அவர்களுக்குக் கோபம் வரக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஒன்பது பேர் ஒரே தொட்டியில் இரண்டு ஆண்டுகளாக வால் கிழியாமல் வாழ்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் கற்பகத்தின் கண்கள்.

அந்தக் கண்களுக்குத்தான் சம்பளமும். ஒரு பட்டுச்சேலைக் கடையின் மாடியில் பதினாறு ஆண்டுகளாகச் சேலை சரிபார்க்கிறார். நெசவாளர் வீடுகளிலிருந்து வரும் சேலையைக் குழல்விளக்குக்கு எதிரே கழியில் விரித்துப் போட்டு, முந்தியிலிருந்து ஆரம்பித்து ஒரு முழம் ஒரு முழமாக இறக்கிக்கொண்டே வருவார். ஓர் இழை விட்டிருந்தால் போதும், கை தானாக நிற்கும். தொட்டியிலும் அதே கதைதான். மீனின் உடம்பில் நீளவாக்கில் வெளிறிய கோடு விழுந்தால் அது பயந்துபோயிருக்கிறது என்று பொருள். நமக்கு அந்தக் கோடு தெரிவதற்குள் அவர் அந்த மீனைத் துரத்துகிறவள் யார் என்று கண்டுபிடித்திருப்பார்.

ஆனால் முதல் தடவை தோற்றுத்தான் போனார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ரஞ்சித்குமாரின் மீன் கடையில் மூன்று பெண் ஃபைட்டர்களை வாரத்துக்கு ஒன்றாக வாங்கிவந்து சின்னத் தொட்டியில் விட்டார். புதிதாக வந்தவளை முன்பே இருந்தவர்கள் கிழித்தார்கள். மூன்றாவது வந்த பத்து நாளில் இரண்டு செத்து மிதந்தன. "ஃபைட்டர்னா அப்படித்தான்க்கா" என்றார் ரஞ்சித்குமார். கற்பகம் அதை ஏற்கவில்லை. "சேலயில ஓட்ட இருந்தா நூலயா திட்டுவேன்? நெய்ஞ்ச கைய தான கேப்பேன்? என் கைதான் தப்பு" என்று இன்றைக்கும் சொல்கிறார்.

அடுத்த இரண்டு ஆண்டுகள் மீனே வாங்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். கொளத்தூரில் மீன் வளர்த்து விற்கும் ஒருவரிடம் போனில் பேசிப் பேசி, அவரே சலித்துப்போய்ச் சொன்ன யோசனையைப் பிடித்துக்கொண்டார். ஒரே ஈற்றில் பிறந்து ஒன்றாக வளர்ந்த சகோதரிகளாக இருக்க வேண்டும். எல்லோரையும் ஒரே நாளில் விட வேண்டும். ஒருத்தி கண்ணில் ஒருத்தி படாமல் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். கடைக்கு லீவு போட்டுப் பஸ் ஏறிப் போய், ஒன்பது பைகளில் ஒன்பது சகோதரிகளைக் கொண்டுவந்தார்.

வீட்டின் முன்னறையில் லோகநாதனின் விசைத்தறிகள் இரண்டு. அவை ஓட ஆரம்பித்தால் தொட்டித் தண்ணீர் நடுங்கியது, மீன்களும் மிரண்டன. கற்பகம் மூன்றடித் தொட்டியைப் பின்னறைக்கு மாற்றி, அடியில் இரண்டு அடுக்கு தெர்மோகோல் போட்டார். உள்ளே அடர்த்தியாகச் செடி, பாசி, ஐந்து கொட்டாங்குச்சிகள். காய்ந்த பாதாம் மரத்து இலைகளை ஊறப்போட்டதில் தண்ணீர் பால் ஊற்றாத டீயின் நிறத்துக்கு வந்தது. வருகிறவர்கள் எல்லாம், "தண்ணி மாத்தலியா?" என்று கேட்கிறார்கள். "அதுங்களுக்கு இதான் புடிக்கும். உங்களுக்கா ஊத்தப்போறேன்?" என்பது அவர் பதில்.

இவற்றைவிட வினோதம், தொட்டிக்கு மேலே உள்ள அலமாரி. அகன்ற வாய் ஊறுகாய் பாட்டில்கள் ஒன்பது, சுத்தமான தண்ணீரோடு வரிசையாக நிற்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. சண்டை முற்றினால் அன்றைக்கே பிரித்து வைக்க ஆளுக்கொரு பாட்டில். "சேத்து வெக்கறது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. பிரிச்சி வெக்க எடம் இருக்கணும்" என்பார்.

பாட்டிலுக்கு முதலில் வேலை வைத்தவள் சிவப்பு உடம்புக்காரி. எல்லோரையும் அதட்டி விரட்டியதால் அவளுக்கு மேஸ்திரி என்று பெயர். "அத கடையில குடுத்துடுமே, பேஜாரு" என்றார் லோகநாதன். கற்பகம் மேஸ்திரியை ஐந்து நாள் பாட்டிலில் வைத்தார். அதற்குள் தொட்டியில் இருந்த கல், செடி, கொட்டாங்குச்சி எல்லாவற்றையும் இடம் மாற்றினார். திரும்பி வந்த மேஸ்திரிக்குத் தன் எல்லை எதுவென்று தெரியவில்லை. இரண்டு நாள் திகைத்துத் திரிந்தாள். பிறகு அடங்கினாள். டீக்கடையில் லோகநாதன் இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்: "எங்க வூட்டுத் தொட்டிக்குள்ள ஒம்போது ஃபைட்டர். பத்தாவது ஃபைட்டர் வெளிய ஒக்காந்துகினு பாத்துகினு கீது."

அந்தப் பெருமைக்கு இந்த ஆண்டு ஒரு சோதனை வந்தது. ரஞ்சித்குமார் வீட்டுக்கு வந்து தொட்டியை மட்டும் வீடியோ எடுத்துப் போய் இணையத்தில் போட்டார். பார்த்தவர்கள் ஏராளம். கடையில் பெண் ஃபைட்டர் அள்ளிக்கொண்டு போயிற்று. மூன்று மீனும் ஒரு கண்ணாடிக் கிண்ணமும் சேர்த்தே விற்றார். கேட்டவர்களிடம், "கற்பகம் அக்கா வெச்சிருக்காங்க இல்ல?" என்றார்.

ஒரு மாலை, போளூரில் தையல் கடை வைத்திருக்கும் ஜெயப்ரியா வீடு விசாரித்து வந்து நின்றார். கையில் பிளாஸ்டிக் டப்பா. அதில் வால் பாதிக்கு மேல் போன ஒரு மீன். "ரெண்டு செத்துப்போச்சுங்க. உங்க வீடியோவ பாத்துதான் ரஞ்சித்குமார் கடையில வாங்கனேன்" என்றார். அவர் குரலில் கோபமில்லை. கற்பகத்துக்கு அதுதான் தாங்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை இறக்கி மீனை அதில் விட்டார். அப்படியே பாட்டிலை எடுத்துக்கொண்டு மீன் கடைக்கு நடந்தார். ஜெயப்ரியா பின்னாலேயே போனார்.

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கற்பகம் பாட்டிலை மேசைமேல் வைத்தார்.

"ரஞ்சித்து, இந்த வால பாரு."

"ஃபைட்டர்னா அப்படித்தான்க்கா…"

"நாலு வருஷம் முன்னயும் இதத்தான் சொன்ன. இப்ப எம் பேர சொல்லி வித்துகினு கீற."

"கஸ்டமர் கேக்கறாங்க. நான் என்னா பண்ணட்டும்?"

"நீ அவங்கள கேளு. தனி பாட்டில் எத்தன வெச்சிருக்கீங்கன்னு கேளு. இல்லன்னா ஒரே ஒரு மீன் குடு."

"வியாபாரம் படுத்துடும்க்கா."

"எம் பேரு படுத்துடுச்சே!"

ரஞ்சித்குமார் தலையைக் குனிந்துகொண்டு போனை எடுத்தார். "வீடியோவ அழிச்சிடறேன்க்கா."

"அழிக்காத. அரகொறயா எடுத்தது உன் தப்பு, எடுக்க வுட்டது என் தப்பு. ஞாயித்துக்கெழம வா. பாட்டிலயும் சேத்து எடு."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு நிமிடம் பேசினார் கற்பகம். தொட்டியைக் காட்டும் முன்பே தன் கையால் செத்த இரண்டு மீன்களைப் பற்றிச் சொன்னார். ரஞ்சித்குமார் ஒரு வார்த்தையும் வெட்டாமல் அப்படியே போட்டார். கிண்ண வியாபாரத்தை அன்றோடு நிறுத்தினார். இப்போது கண்ணமங்கலத்திலிருந்தும் தேசூரிலிருந்தும் கற்பகத்திடம் யோசனை கேட்க ஆட்கள் வருகிறார்கள். அவரது முதல் கேள்வி, "பாட்டில் எத்தன?" விழிப்பவர்கள் ரஞ்சித்குமார் கடையில் ஒற்றை மீனை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

வால் போன மீன் ஏழு வாரம் கற்பகம் வீட்டிலேயே பாட்டிலில் இருந்தது. தினம் தண்ணீர் மாற்றினார். வாலின் விளிம்பில் கண்ணாடித்தாள் போல ஒரு சவ்வு முளைத்து, மெல்ல நிறம் பிடித்தது. அழைத்துப்போக வந்த ஜெயப்ரியா, "உங்க தொட்டியிலயே வுட்டுடலாமே அக்கா. இங்க நல்லா இருக்குமே" என்றார்.

"கூடாதும்மா. வெளியாளு ஒருத்தி உள்ள போனா ஒம்போது பேரும் மறுபடி மொதல்லருந்து ஆரம்பிப்பாங்க. என்னால முடியும்னு காட்டறதுக்கு இவ உசுர வெச்சி வெளயாட முடியுமா? தனியா வெச்சா இவ நல்லா இருப்பா."

ஆரணி பஸ் நிலையத்துக்குத் தானும் கூடவே போனார். போளூர் பஸ்ஸில் வெயில் விழாத பக்கம் பார்த்து ஜெயப்ரியாவை உட்காரவைத்து, பாட்டிலை மடியில் வைத்தார். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, மீனா?" என்றார். "ஃபைட்டர்" என்று நிமிர்ந்து சொல்லிவிட்டுக் கற்பகம் இறங்கினார். பஸ் நகர்ந்தது. அவர் முன்பக்கமாக ஓடி, டிரைவரின் கண்ணில் படும்படி நின்று, விரித்த உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்தி அழுத்தி, மெதுவாக, மெதுவாக என்று காட்டினார்.