பின்னால யாருங்க?

மோட்டார் சைக்கிள் விற்கிறவனுக்கு வாய் இருந்தால் போதும் என்பார்கள். என்னைக் கேட்டால் வயிற்றெரிச்சலைத் தாங்குகிற வயிறுதான் முதலில் வேண்டும். அடுத்தவர் கல்யாணத்துக்குக் கூறைச் சேலை விரித்துக் காட்டுகிறவர்கள், ஊரில் உள்ள பங்களாவுக்கெல்லாம் பெயின்ட் அடித்துவிட்டு தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பிராவில் வந்து படுக்கிறவர்கள், கல்யாண வீட்டில் பந்தி முடியும்வரை பரிமாறிவிட்டு அடிச்சட்டியை வழிக்கிறவர்கள், நீங்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபத்தேழுக்குப் பிறகு இலங்கை அரசாங்கம் வெளிநாட்டுச் சாமான்களுக்கு வழி திறந்துவிட, ஜப்பான் வண்டிகள் மலையேறி ஹட்டனுக்கும் வந்தன. வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நான் ஹட்டன் டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் வண்டி விற்கச் சேர்ந்தேன். என்னிடம் லைசன்ஸ் இருந்தது, வண்டி இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி ஒரு பாடம் சொன்னார். தனி ஆள் ஓட்டினால் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். பின்னால் ஒருவர் ஏறி, மழையும் பெய்து, மூடுபனியில் வளைவு ஏறும்போதுதான் அதன் குணம் தெரியும். சீட்டு நீளமா, கால் வைக்க இடம் இருக்கிறதா, சைலன்சர் எந்தப் பக்கம், எல்லாவற்றையும் அந்த ஆளை வைத்துத்தான் பார்க்க வேண்டும். பின்சில்லுக்கு, அதாவது பின்சக்கரத்துக்கு, மேல் இருக்கிற ஸ்பிரிங்குக்கு ஐந்து படி உண்டு, படி ஏற ஏற இறுகும். முதல் படி தனி ஆளுக்கு, ஐந்தாவது படி நல்ல கனத்த ஆளுக்கு. கொக்கி மாதிரி ஒரு ஸ்பேனரால் திருப்பி வைக்க வேண்டும். அதற்கும் ஆளைத் தெரிய வேண்டும். ஆகவே வருகிறவர்களிடம் என் முதல் கேள்வி, "பின்னால யாருங்க?" என்பதுதான்.

ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டேன் என்றால், வந்த பதில் பத்தும் எனக்கு எரிந்தது. முதலாளிக்கு அது தெரியாது. அவர் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: "வண்டிய பாக்காதீங்க தம்பி, பின்னுக்கு யாரு ஈக்கப் போறதெண்டு பாருங்க."

அவன் இடம்

தனியாக வருகிறவர்களுக்குப் பின்சீட்டில் ஆள் ஏற்றிப் பார்க்க ஒரு பாரம் வேண்டுமே, அந்தப் பாரம் நான்தான். நூற்றுப் பத்து றாத்தல், கையில் குடை. கடையிலிருந்து டிக்கோயாவரை போய்த் திரும்பி வருவது வழக்கம். அப்படி எத்தனையோ பேரின் முதுகைப் பார்த்துக்கொண்டே அந்த ரோட்டின் ஒவ்வொரு குழியையும் மனப்பாடம் செய்தேன்.

ஒரு நாள் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் சின்னத்துரை, பெரிய துரைக்கு அடுத்த அதிகாரி, வந்தார். கொழும்பில் படித்த சிங்களப் பிள்ளை. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டில் கேட்டுப் பழகிய தமிழ் என்பதால் அவருக்கு 'நீ'யைத் தவிர வேறு மரியாதை தெரியாது, அதைக் கோபமாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. பின்னால் யார் என்று கேட்டேன். "ரெக்ஸ்" என்றார். யாரோ வெள்ளைக்காரக் கூட்டாளி என்று நினைத்து, ரெக்ஸ் துரைக்கு என்ன வயசு இருக்கும் என்று பணிவாக விசாரித்தேன். நாலு என்றார்.

பாரமாக நான் ஏற, டிக்கோயாவரை போனோம். அங்கே அவருடைய ஜீப்பில் காத்திருந்த ரெக்ஸ், கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாய், என்னைக் கண்டதும் குரைக்கத் தொடங்கியது. அதன் பங்களாவில் நான் திருடப் போனதுபோல அப்படி ஒரு குரைப்பு. இறங்கினேன். அது ஒரே தாவில் ஏறி, சீட்டில் நீட்டி உட்கார்ந்து, துரையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது. ஒரு நாயைப் பார்த்து இவ்வளவு பொறாமைப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்கு எப்படிப் போவது என்று கேட்டதற்குத் துரை சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது அவன் எடம். நீ நடந்து வா."

கழிவு

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், தராசு காட்டுகிறதை அப்படியே எழுத மாட்டார்கள். கூடைக்கு இவ்வளவு, இலையின் ஈரத்துக்கு இவ்வளவு என்று சில றாத்தலைக் கழித்துத்தான் பெயரில் போடுவார்கள். கொட்டகலைப் பக்கத்திலிருந்து மனைவியோடு வந்த கணக்கப்பிள்ளை ஒருவருக்கு இருபது வருடமாக அதுதான் வேலை. அந்த அம்மா முன்பு அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்.

ஸ்பிரிங் வைக்க வேண்டும், அம்மா எத்தனை றாத்தல் இருப்பாங்க என்று கேட்டேன். கணக்கப்பிள்ளை மனைவியைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார், தராசு முள்ளைப் பார்க்கிற அதே பார்வை. நூற்று முப்பத்தெட்டு என்றார். உடனே, ஆறு கழித்தால் நூற்று முப்பத்திரண்டு என்றார். நானும் யோசிக்காமல் நூற்று முப்பத்திரண்டுக்கு மூன்றாம் படியில் வைத்தேன். இரண்டு பேரும் ஏறிக் கடை வாசல் திண்டைத் தாண்டியபோது பின்பக்கம் தடாலென்று அடித்தது. எங்கள் மெக்கானிக் மாணிக்கம் ஓடிப்போய் நாலாம் படிக்கு மாற்றினான்.

அந்த அம்மா கணவரின் முதுகில் பலமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு அதே கையை அவர் தோளில் வைத்துக்கொண்டார். அந்தத் தட்டுக்காக நான் ஒரு மாதச் சாப்பாட்டை விட்டுக்கொடுத்திருப்பேன். போகும்போது எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்: "இருவது வருசமா எங்க கொழுந்துல கழிச்ச மனுசன், இன்னைக்கு என்னையவே கழிச்சிட்டாரு பாருங்க."

சுருக்கமான பதில்

நுவரெலியா மார்க்கெட்டில் மரக்கறி வியாபாரம் செய்கிற ஒருவர் ஒரு சின்ன நூறு சி.சி. வண்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். வாசலில் அவர் மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகள், ஒரு மூட்டை முட்டைக்கோவா. பின்னால யாருங்க என்று கேட்டேன். அவர் திரும்பி வாசலை ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாருந்தான்."

ஏங்க

கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிவப்பு வண்டி நின்றது. இருநூற்றைம்பது சி.சி., இரண்டு சிலிண்டர், தூரப் பயணத்துக்கும் வேகத்துக்கும் என்றே செய்தது. ஊரைவிட்டுப் போன ஒரு துரை விற்றுவிட்டுப் போனது. யாரும் வாங்கவில்லை. தினமும் காலையில் அதை நான்தான் துடைத்தேன். துடைக்கும்போது பின்சீட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் துடைப்பேன்.

காரணம் ஒரு டீச்சர். பிலோமினா டீச்சர் எங்கள் வட்டகொடைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். சனிக்கிழமைகளில் ஹட்டனில் ஏதோ பயிற்சி வகுப்புக்கு வந்துவிட்டு, எங்கள் கடைக் கண்ணாடியைத் தாண்டி நடந்து, பின்னேர ரயிலில் திரும்புவார். நானும் சனிக்கிழமை அதே ரயிலில்தான் வீட்டுக்குப் போவேன். பல வாரம் பார்த்த முகம் என்ற உரிமையில் ஒரு நாள், தலவாக்கலை தாண்டும்போது, அவரே பேசினார். "ஏங்க, அந்தச் செவப்பு வண்டியில பின்னால ஒக்காந்தா விழுந்திற மாட்டாங்களா?" என்று கேட்டார். நல்லா ஓட்டுகிறவர் ஓட்டினால் விழ மாட்டாங்க என்று சொன்னேன். சொல்லும்போதே என் காது சூடாகிவிட்டது.

வாசகர்களே, 'ஏங்க' என்ற சொல்லை நீங்கள் அறிவீர்கள். அண்ணே என்று கூப்பிட்டிருக்கலாம். சார் என்று கூப்பிட்டிருக்கலாம். எங்கள் லயத்தில் 'ஏங்க' என்று ஒரு குரல் கேட்டால் புருசன்மார்தான் எழுந்து போவார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் ஆறு மாதம் வாழ்ந்தேன். அடுத்த சனிக்கிழமை, அதற்கடுத்த சனிக்கிழமை, ஒவ்வொரு முறையும் 'ஏங்க'தான். மனதை எப்படித் திறப்பது என்று மாணிக்கத்திடம் யோசனை கேட்டேன். அவன் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "மச்சான், பஸ் கண்டக்டரையும் அப்பிடித்தான்டா கூப்புடுறாங்க."

இரண்டு பேர் திரும்பினோம்

மார்கழியில் தலவாக்கலையிலிருந்து ஜோசப் என்று ஒருவர் வந்தார். ஒரு அலுவலகத்தில் கிளாக்கர். சாந்தமான ஆள், நனைந்த செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். மோட்டார் சைக்கிள் கடைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த ஒரே மனிதர் அவர்தான். நேரே சிவப்பு வண்டியிடம் போய் நின்றார். வழக்கமான கேள்வியைக் கேட்டேன். வெட்கப்பட்டார். வட்டகொடையில் ஒரு டீச்சர், பிலோமினா என்று பெயர், தை மாதம் கல்யாணம் என்றார்.

 நான் உடனே பேசத் தொடங்கினேன். சிவப்பு வண்டி டீச்சருக்குச் சரிவராது என்றேன். சேலையோடு ஒரு பக்கமாக உட்காருகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் சைலன்சர் இருந்தால் கால் சுடும், சேலை கருகும். பின்சீட்டு உயரம், இறக்கத்தில் பிரேக் பிடித்தால் ஆள் முன்னால் சரிவார். அந்த நீல நூற்றிருபத்தைந்தைப் பாருங்கள், சீட்டு அகலம், சைலன்சர் வலப் பக்கம் மட்டும், இடப் பக்கம் சேலை சில்லில் சிக்காமலிருக்க ஒரு கம்பியும் கை பிடிக்க ஒரு கம்பியும் இருக்கின்றன என்றேன். எல்லாம் உண்மை. என் தொழிலில் நான் சொன்ன மிக நேர்மையான ஆலோசனை அதுதான். சொன்ன காரணம்தான் நேர்மையானதில்லை. அந்தச் சிவப்பு வண்டியில் அவர் இன்னொருவன் பின்னால் உட்கார்ந்து போவதைப் பார்க்க எனக்கு நெஞ்சு இல்லை.

ஏறிப் பார்க்காமல் எடுக்க வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டதால், சனிக்கிழமை டீச்சரும் அவர் தங்கச்சியும் வந்தார்கள். டீச்சர் சிவப்பு வண்டியின் பக்கம் நின்று, "ஏங்க" என்றார். ஜோசப்பும் திரும்பினார். நானும் திரும்பினேன். ஆறு மாதமாக நான் கட்டியது சரிந்தது அந்த இடத்தில்தான். அவர் பார்த்தது ஜோசப்பை. நீல வண்டியே போதும் என்று முடிவாயிற்று. தங்கச்சிக்காரி மட்டும் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நீங்க ஏன் திரும்புனீங்க?"

ஐந்தாம் படி

இப்போது சொல்லப்போவதை முதலாளி உயிரோடு இருந்தவரை சொல்லவில்லை. டீச்சர் தொண்ணூற்றெட்டு றாத்தல். அந்தக் கனத்துக்கு ஸ்பிரிங் இரண்டாம் படியில் இருக்க வேண்டும். வண்டி போகிற அன்று மாணிக்கம் தேத்தண்ணி குடிக்கப் போனான். நான் குனிந்து, கொக்கி ஸ்பேனரைப் போட்டு, இரண்டு பக்கமும் ஐந்தாம் படிக்குத் திருப்பி வைத்தேன். ஐந்தாம் படியில் லேசான ஆள் பின்னால் உட்கார்ந்தால் ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் ஏறும். தலவாக்கலையிலிருந்து வட்டகொடைவரை அந்த நாளில் ரோடு எப்படி இருந்தது என்று அந்தப் பக்கத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். நாலு நாளில் டீச்சர் வண்டியை வெறுப்பார், வண்டியை வெறுத்தால் ஓட்டுகிறவரையும் கொஞ்சம் வெறுப்பார். இதுதான் என் கணக்கு. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுத வந்த பிறகு எதை மறைப்பது.

தை முடிந்தது. மாதா கோயிலில் கல்யாணம் நடந்தது, பத்திரிகை வந்தும் நான் போகவில்லை. சனிக்கிழமை ரயிலில் டீச்சர் இல்லை. அவர் வராத வாரங்களில் எனக்குப் பொறாமை போய்ப் பயம் வந்தது. எங்காவது குலுங்கி விழுந்திருந்தால்? ஒவ்வொரு மழைக்கும் அந்த ஸ்பிரிங்தான் ஞாபகம் வந்தது. மாசி நடுவில் முதல் சர்வீசுக்கு இரண்டு பேரும் வந்து இறங்கியபோது, டீச்சரின் கை கால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இருந்தது. முகமும் முன்னைவிட நன்றாக இருந்தது.

மாணிக்கம் பின்சில்லைப் பார்த்துவிட்டு, எந்த மடையன் இதை ஐந்தில் வைத்தது என்று சத்தமாகக் கேட்டான். நான்தான், தவறிவிட்டது, இப்போதே மாற்றித் தருகிறேன் என்று ஸ்பேனரோடு குனிந்தேன். ஜோசப் அவசரமாக என் கையைப் பிடித்தார். குரலைத் தணித்து, மாற்ற வேண்டாம் என்றார். முதல் வாரம் டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடையில் ஒரு முழம் இடம் விட்டுத்தான் உட்கார்ந்தாராம். அந்தக் குலுக்கலில் கம்பி பத்தாமல் போய், இப்போது வீட்டிலிருந்து பள்ளிக்கூடம்வரை ஜோசப்பின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் வருகிறாராம். சொல்லும்போது அவர் காதும் சிவந்திருந்தது. இதைக் கேட்டுவிட்ட டீச்சர் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார். பிறகு, பழகிய இத்தனை நாளில் முதன்முறையாக, என்னை உறவுமுறை வைத்துக் கூப்பிட்டார்: "அப்பிடியே இருக்கட்டும் அண்ணே."

பத்து வருடம் ஊரையே 'பின்னால யாருங்க' என்று கேட்ட நான் கடைசியில் அந்தச் சிவப்பு வண்டியை நானே வாங்கினேன் என்பதையும், அதன் ஸ்பிரிங் இன்றுவரை முதல் படியிலேயே நிற்கிறது என்பதையும் நம் கட்சிக்காரர்களுக்கு அறிவித்துக்கொள்கிறேன்.