புல்லைப் பார்க்கப் போனவர்கள்

எங்கள் டிராவல்ஸ் ஆபீஸ் வாசலில் ஒரு பச்சை பிளாஸ்டிக் புல் விரிப்பு கிடக்கும். முந்தின நாள் மழையில் அது நன்றாக ஊறிப்போயிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரப்போன பெரியவர் ஒருவர், வந்த வேலையை மறந்தவர்போல அங்கேயே குந்தி, விரிப்பை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். விரல் இடுக்குகளில் தண்ணீர் பொங்கி வந்தது. "தண்ணி அப்படியே நிக்குது பாரு. வேர் இருந்தா குடிச்சிருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவருக்குப் பின்னால் குடையை மடக்கிக்கொண்டிருந்த அவருடைய மனைவி, "ஆரம்பிச்சிட்டீங்களா? உள்ள போங்க, நனையிறேன்" என்றார். நான் அவர்களை முதன்முதலில் பார்த்தது அப்படித்தான்.

அது 2008, தீபாவளி முடிந்த வாரம். சிதம்பரம் கீழவீதியில் இரண்டு மேசையும் ஒரு ஃபேக்ஸ் மெஷினும் வைத்து நடந்த அந்த ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. காசி, திருப்பதி போகிறவர்கள், ஊருக்குப் போகும் காலேஜ் பிள்ளைகள், வளைகுடாவுக்கு டிக்கெட் போட வரும் பரங்கிப்பேட்டைக்காரர்கள், இவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். அதனால், "எங்க சார் போகணும்?" என்று வழக்கம்போலக் கேட்ட எனக்கு அவர் சொன்ன பதில் ஒரு நிமிடம் புரியவில்லை. "கோல்ஃப் ரிசார்ட் ஒண்ணு பாக்கணும்மா. தை மாசம் ஒரு வாரம் தங்கறாப்போல. ஆனா குளிர் ஊரு வேணாம், வெயில் இருக்கற ஊரா இருக்கணும். அப்புறம், சார் எல்லாம் வேணாம். மாமான்னே கூப்புடு."

பக்கத்து மேசையிலிருந்த எங்கள் முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லா ஆடுவீங்களோ?" என்று மரியாதையோடு கேட்டார். மாமா சிரித்தார். "ஒரு தடவகூட மட்டையத் தொட்டதில்ல. துபாய்ல ஒரு கோல்ஃப் மைதானத்துல புல்லு பாத்துகிட்டேன். விதை போட்டதுலேருந்து இருவது வருஷம்." அவர் அதைச் சொல்லும்போது அவர் மனைவி, அவர் மாமா என்றால் எனக்கு அத்தை, எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். சாரல் அடிக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர்கள். கடலூரில் இல்லாத டிராவல்ஸா, எதற்காக இவ்வளவு தூரம் பஸ் ஏறி வர வேண்டும் என்றும் தோன்றியது. 

மாமா டீ குடிக்க வெளியே போன நேரத்தில் அத்தை தன் நாற்காலியை என் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். "இவருக்கு ஆசைன்னு நெனைக்காத. நான்தான் கேட்டேன். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஒரு மாசம் வருவாரு. வந்தா அந்தப் புல்லப் பத்தியேதான் பேச்சு. அதுக்குத் தாகம் எடுக்கும், அதுக்கு நோவு வரும், அத மொட்டை அடிச்சா நல்லா வளரும். பொண்ணு பொறந்தப்ப இவரு இல்ல, பையன் பரீட்சையில பாஸ் பண்ணப்ப இவரு இல்ல, எங்க மாமியார் போனப்பவும் இல்ல. இருவது வருஷம் எங்கிட்ட வர விடாம இவரப் புடிச்சி வச்சிருந்தது எதுன்னு ஒரு தடவ கால் வச்சிப் பாக்கணும். அவ்ளோதான்." கோபமாகச் சொல்லவில்லை. அளவு தப்பாகத் தைத்துவிட்ட ரவிக்கையைப் பற்றித் தையல்காரரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

அப்படியானால் துபாய்க்கே போகலாமே என்று மாமாவிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். "அங்க போனா நான் வேலையாளுதாம்மா. எவனாவது ஒருத்தன் கூப்புட்டு அந்த ஓரத்தப் பாருன்னுவான், நானும் பாக்கப் போயிடுவேன். இவ ரூம்லயே உக்காந்திருப்பா. வேற எங்கயாவது நாங்க ரெண்டு பேரும் விருந்தாளியாப் போவணும்."

முதலாளி ஊட்டி என்றார், கொடைக்கானல் என்றார். இரண்டு இடத்திலும் கோல்ஃப் மைதானம் உண்டு, போகவும் சுலபம். ஆனால் அத்தைக்கு இளைப்பு இருந்தது. மார்கழி பிறந்துவிட்டால் வீட்டுக்குள்ளேயே காதைக் கட்டிக்கொண்டு இருப்பவர். "மலைக்கு இட்டுகிட்டுப் போனா அங்கயே வச்சிட்டு வர வேண்டியதுதான்" என்று மாமா முடித்துவிட்டார். ஆகவே தை மாதத்திலும் வெயில் காயும் ஊர், கோல்ஃப் மைதானத்தோடு தங்கும் இடம் என்று நான் தேட ஆரம்பித்தேன். ஒரு பக்கம் திறக்கவே அப்போது எங்கள் கம்ப்யூட்டர் டீ ஆறும் நேரம் எடுத்துக்கொள்ளும். நான்கு நாள் தேடி மூன்று இடம் கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமை அவர்கள் திரும்ப வந்தபோது போனை ஸ்பீக்கரில் போட்டு ஒவ்வொன்றாகப் பேசினோம்.

கோவாவில் போனை எடுத்த பெண் மாமா எந்தத் தரத்தில் ஆடுபவர் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆட மாட்டார், பார்க்க வருகிறார், கூட அவர் மனைவியும் வருகிறார் என்றேன். அந்தப் பக்கத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. ஆடாதவர்களுக்கு மைதானத்தில் இடமில்லை, வராந்தாவில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றாள். மாமாவுக்கு நான் தமிழில் சொன்னேன். "வராந்தாவுல உக்காந்து பாக்க எதுக்கும்மா அம்மாந்தூரம்? போட்டோவே போதுமே" என்றார். ஹைதராபாத்துக்கு வெளியே இருந்த இடத்துக்காரர்கள் மைதானத்துக்குள் விட மனசு வைத்தார்கள், ஆனால் பேட்டரி வண்டியில் உட்கார்ந்தபடிதான் சுற்ற வேண்டுமாம். இந்தத் தடவை அத்தையே பதில் சொன்னார். "வண்டி வேணாம். நடக்கணும்."

மூன்றாவது, கொச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில், காயல் ஓரமாக இருந்த ஒரு சின்ன ரிசார்ட். அங்கே போனை எடுத்தவருக்கு நான் கேட்டது விளங்காமல், மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார். நான் ரிசீவரை மாமாவிடம் நீட்டினேன். அதற்குப் பிறகு அந்த ஆபீசில் நடந்ததை எப்படிச் சொல்வது? மாமா எங்கள் பக்கத்துத் தமிழிலும், அந்தச் சேட்டன் மலையாளத்திலும், இரண்டுபேருக்கும் பொதுவாக இருந்த வளைகுடா இந்தியிலும் இருபது நிமிடம் பேசினார்கள். அந்தச் சேட்டனும் மஸ்கட்டில் இருந்து வந்தவராம். என்ன புல், எத்தனை மணிக்குத் தண்ணீர், மழைக்காலத்தில் பாசி பிடிக்கிறதா, குழி இருக்கும் இடத்தில் எவ்வளவு ஒட்ட வெட்டுகிறீர்கள் என்று மாமா கேட்டுக்கொண்டே போனார். நடுவில் ரிசீவரைக் கையால் பொத்தி, "நம்ம அருகம்புல்லு ஜாதிதாம்மா. அங்கயும் இதுதான் போட்டோம். பேரு மட்டும் வேற" என்று எனக்குச் சொன்னார். அத்தைக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது. "புள்ளையாருக்குக் கிள்ளி வக்கிறதுக்கா இருவது வருஷம்?" என்றார். முதலாளி சிரித்துவிட்டார். கடைசியில் மாமா போனிலேயே கேட்டார்: வீட்டுக்காரி செருப்பில்லாமல் புல்லில் நடக்கலாமா? "விடியக்காலையில ஆள் வர்றதுக்கு முந்தி எவ்வளவு வேணும்னாலும் நடக்கட்டும் சேட்டா" என்று பதில் வந்தது. இடம் அப்படி முடிவாயிற்று.

இதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். ரிசார்ட்டுக்கு ஃபேக்ஸ் அனுப்ப வேண்டிய படிவத்தில் பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதிவிட்டு, தொழில் என்ற இடத்துக்கு வந்ததும் என் கை நின்றது. கோவாக்காரியின் சிரிப்பு காதிலேயே இருந்தது. புல் பராமரிப்பு என்று எழுதினால் ஓரத்து அறையைக் கொடுத்துவிடுவார்களோ, சாப்பாட்டு மேசையில் ஒரு மாதிரி பார்ப்பார்களோ என்று பயம். ஆங்கிலத்தில், துபாய் கோல்ஃப் மைதான மேலாளர், ஓய்வு, என்று எழுதி அனுப்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன். அப்போது கடலூர், சிதம்பரம் பக்கம் ரயில் கிடையாது, அகலப்பாதை வேலை நடந்துகொண்டிருந்தது. பொங்கல் முடிந்து, கடலூரிலிருந்து பஸ்ஸில் விழுப்புரம் போய் அங்கே ரயில் ஏறினார்கள் இருவரும்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் நேந்திரங்காய் சிப்ஸும் அல்வாவுமாக வந்து நின்றார்கள். அத்தையின் முகம் நன்றாகக் கறுத்திருந்தது, மூச்சில் இளைப்பே இல்லை. உட்காருவதற்கு முன்பே கதை ஆரம்பித்துவிட்டது. போய் இறங்கிய அன்றைக்கே டை கட்டிய மேனேஜர் வாசலுக்கு வந்து மாலை போட்டாராம். மறுநாள் காலையில் இவர்கள் புல்லில் நடக்கலாம் என்று போனால், அங்கே மேனேஜரும் தங்கியிருந்த விருந்தாளிகள் நாலைந்து பேரும் காத்துக்கொண்டிருக்கிறார்கள். பளபளவென்று ஒரு பை நிறைய மட்டைகள். துபாயிலிருந்து வந்த பெரிய மனிதர் முதல் பந்தை அடித்துத் தொடங்கிவைக்க வேண்டுமாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் காது சுட்டது.

"இவரு கையில மட்டையக் குடுத்துட்டாங்க" என்றார் அத்தை. "நான் வேர்த்துப்போயி நிக்கறேன். இவரு அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் மேனேஜர் கையிலயே குடுத்துட்டு, 'நான் மேனேஜர் இல்லீங்க, புல்லு வளக்கறவன். இதப் புடிக்கத் தெரியாது'ன்னுட்டாரு. அந்த போன் சேட்டன் இருக்காருல்ல, அவருதான் சிரிச்சிகிட்டே வந்து இவரு கையப் புடிச்சிகிட்டாரு. அப்புறம் மட்டைய வாங்கி எங்கிட்ட நீட்டி, 'சேச்சி அடிக்கட்டே'ன்னாரு."

அத்தை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு அடித்திருக்கிறார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளங்கை அகலத்துக்குப் புல் மண்ணோடு பெயர்ந்து பறந்து போய் விழுந்தது. எல்லோரும் கை தட்டிச் சிரிக்க, மாமா மட்டும் ஓடியிருக்கிறார்.

"ஓடிப்போயி அந்தத் துண்ட ரெண்டு கையால ஏந்திகிட்டு வந்தாரு. மண்டி போட்டு, பிஞ்ச எடத்துலயே திருப்பி வச்சி, ஓரமெல்லாம் வெரலால சேத்து, மெதுவா அழுத்துனாரு. சுத்தி யாரு நிக்கறாங்கன்னே அவருக்குத் தெரியல. என் புள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்ப நான் நெத்தியில கை வச்சனே, அது மாதிரி. அப்ப இவரு அங்க இதத்தான் செஞ்சிகிட்டு இருந்திருப்பாரு. கோவம்தான் வரணும் எனக்கு. வரல. பதனமான வேலதான் பாத்திருக்காருன்னு தெரிஞ்சிது." இதைச் சொல்லிவிட்டு அத்தை அல்வாப் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்தார். மிச்சம் நாலு நாளும் விடியற்காலையில் இரண்டுபேரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த மைதானம் முழுக்க நடந்தார்களாம்.

மாமா சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் மேசைமேல் வைத்தார். நான் அனுப்பிய ஃபேக்ஸ். அந்தச் சேட்டன் கொடுத்திருக்கிறார். மேனேஜராக இருந்தவர் யாரும் பாசியைப் பற்றிக் கேட்க மாட்டார்கள், தனக்குப் போனிலேயே தெரிந்துவிட்டது என்றும் சொன்னாராம். "ஏம்மா இப்படி எழுதின? நான் பாத்த வேலை கேவலமாவா தெரிஞ்சிது?" என்று கேட்டார் மாமா. குரலில் கோபம் இருந்திருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார்.

அத்தைதான் பேசினார். "அதை ஏன் கேக்கறீங்க? அது ஒரு தடவ எழுதிச்சி. நான் இருவது வருஷமா ஊரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கேன், நீங்க எண்ணெய்க் கம்பெனியில மேனேஜர்னு."

மாமா அவரையே பார்த்தார். அத்தை தலையைத் தூக்கவில்லை. பொண்ணு கேட்டு வருவாங்க, அவங்க முன்னாடி என்னத்தச் சொல்றது என்றார். கடலூர்ல பேசினா யார் காதுலயாவது வுழுந்துடும்னுதான் இங்க இட்டுகிட்டு வந்தேன் என்றார். அன்றைக்குக் கதவு ஏன் சாத்தப்பட்டது என்று எனக்கு விளங்கியது. மாமாவின் முகம் சுருங்கியதைப் பார்த்து நான் பயந்துபோனேன். முதலாளி எழுந்து ஃபேக்ஸ் மெஷினில் ஏதோ வேலை இருப்பதுபோல முதுகைக் காட்டி நின்றுகொண்டார். பிறகு மாமாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "அதான் மஞ்சக்குப்பத்துல எல்லாரும் சார், சார்னு கூப்புடறானுங்களா! நான் எனக்கு வயசாயிடுச்சின்னு இல்ல நெனச்சேன்" என்றார். அத்தையும் சிரித்து, சிரிப்போடு கண்ணையும் துடைத்துக்கொண்டார். நான் எழுந்து மன்னிப்புக் கேட்டேன். "ஒக்காரு, அல்வா சாப்புடு" என்றார் மாமா.

கல்யாணமாகி நானும் கடலூருக்கு வந்துவிட்டேன். இப்போது யாருக்குப் படிவம் நிரப்பினாலும் தொழில் என்ன என்று வாய்விட்டுக் கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாமாவும் அத்தையும் வருடா வருடம் தை மாதத்தில் அந்தக் காயல் ஓரத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். 2012இல் ஒருநாள் சிதம்பரத்திலிருந்து திரும்பும்போது அவர்கள் இருந்த அதே பஸ்ஸில் நானும் ஏறினேன். கூட்டத்தில் அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், அவர்கள் தெருக்காரி போலிருக்கிறது, "சாரு துபாய்ல மேனேஜரா இருந்தாருல்ல?" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"இல்ல" என்றார் அத்தை, முன்சீட்டில் இருப்பவர்களும் திரும்பிப் பார்க்கும் குரலில். "புல்லு வளத்தாரு. வெறும் மணலு, ஒண்ணுமே மொளைக்காது, அதுல வளத்தாரு. ஒரு எடத்துல பிஞ்சாக்கூட ஓடிப்போயி மண்டி போட்டு ஒக்காந்துடுவாரு. நான் பாத்திருக்கேன்."

அத்தை துபாய்க்குப் போனதே இல்லை. மாமா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவர் காது மடல் சிவந்திருந்ததை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.