ஆறு ரவுண்டு

காலை ஆறு மணி பத்து நிமிடம். மணலூர்பேட்டையில் அக்கா வீட்டுப் பின்புறம் வைக்கோல் போரின் மேல் நீலத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். அது காற்றில் பறக்காமலிருக்க மேலே நான்கு டயர்கள். மூன்று, ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய பழைய டயர்கள். நான்காவதில் பள்ளங்களே இல்லை, பந்தய டயர். தென்பெண்ணையில் தண்ணீர் கூடுகிறது என்று கேள்விப்பட்டு, அந்தச் செய்திக்காகக் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்தவன், வழியில் காபி குடிக்க அங்கே வண்டியை நிறுத்தியிருந்தேன். டம்ளரோடு பின்பக்கம் போனபோது, அந்த டயரின் பக்கவாட்டில் மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்த எண் கண்ணில் பட்டது. 6 என்று இருந்தது.

எழுத்து மாமாவுடையது. அக்காவின் கணவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். கடைத்தெருவில் பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். நான் ஒரு நாளிதழின் நிருபர். ஆண்டுக்கு நான்கைந்து ஞாயிறுகளில் மட்டும் இருவரும் எங்கள் நூற்றைம்பது சிசி வண்டிகளை ஒரு குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு, சென்னைக்கு அருகே இருக்கும் பந்தயத் தடத்துக்குப் போவோம். அமெச்சூர் வகுப்பு. பத்து ரவுண்டு. பெரும்பாலும் நான் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வருவேன். எனக்குப் பின்னால் மாமா வருவார்.

அந்த வகுப்பில் டயர் அவரவர் விருப்பம். விஷயம் ரப்பர் கலவையில்தான் இருக்கிறது. சாஃப்ட் சீக்கிரம் சூடாகித் தரையைக் கவ்விப் பிடிக்கும். வெயிலில் சீக்கிரமே குழைந்தும் போகும். மீடியம் சூடாவதற்கு இரண்டு ரவுண்டு எடுத்துக்கொள்ளும், ஆனால் கடைசிவரை தாங்கும். எங்களுக்குள் இரண்டு வழக்கங்கள் இருந்தன. கழற்றுகிற ஒவ்வொரு டயரிலும் அது எத்தனை ரவுண்டு ஓடியது என்று மஞ்சள் பெயிண்டில் எழுதிவைப்போம். பந்தயத்தில் இருவரும் ஒரே கலவையைத்தான் போடுவோம். இரண்டாவது மாமா கொண்டுவந்த வழக்கம். “ஜெயிச்சா கையால ஜெயிக்கணும் மச்சான், கடைக்காரன் குடுத்த ரப்பரால ஜெயிக்கக் கூடாது” என்பார்.

நான் அந்த டயரைப் பார்த்த ஆண்டு, மாசியில் பருவத்தின் கடைசிப் பந்தயம். அதற்கு முந்தைய பந்தயத்திலேயே சென்னை அணி ஒன்றின் மேலாளர் எங்கள் இருவரையும் நிறுத்திவைத்து ஒரு விஷயம் சொன்னார். அணியில் ஓர் இடம் இருக்கிறது. வண்டி, டயர், பெட்ரோல் எல்லாம் அணியுடையது. கடைசிப் பந்தயத்தில் உங்களில் யார் முன்னால் முடிக்கிறாரோ அவருக்கு அந்த இடம். அடுத்த ஆண்டிலிருந்து பள்ளி முடித்த பையன்களை மட்டுமே எடுக்கப்போகிறோம். எனக்கு அப்போது முப்பத்து நான்கு. பதினொரு ஆண்டுகளாக ஓட்டிக்கொண்டிருந்தேன். இனி ஒரு வாய்ப்பு வராது என்பது இருவருக்கும் தெரியும்.

பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு பயிற்சி நாள். அன்று கள்ளக்குறிச்சிக்கு ஓர் அமைச்சர் வந்தார். எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மாமா மட்டும் பின்சக்கரத்தில் ஒரு சாஃப்ட் டயரைப் போட்டுக்கொண்டு போனார். பிற்பகல் போன் செய்தார். “பன்னெண்டு ரவுண்டு முறுக்கினேன் மச்சான், உச்சி வெயில்ல. ஒண்ணும் ஆவல. கண்ண மூடிகினு சாஃப்ட் போடு.” ஓட்டிய டயரை அங்கேயே ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார்.

அடுத்த வாரம் அவரே சென்னையிலிருந்து டயர்கள் வாங்கிவந்தார். எனக்கு சாஃப்ட், அவருக்கு மீடியம். எங்கள் அளவில் ஒரே ஒரு சாஃப்ட்தான் கடையில் மிச்சம் இருந்ததாம். அதை என் கையில் கொடுத்து, நீ வைத்துக்கொள் என்றார். வழக்கம் உடைகிறதே, சீட்டுப் போட்டுப் பார்ப்போம் என்றேன். கேட்கவில்லை. அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்து, உன் வீட்டுக்காரர் நல்ல டயரை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்று சொன்னேன். அக்காவுக்குச் சொல்ல முடியாத பெருமை. ரிஷிவந்தியத்தில் ஒரு வளைகாப்பில் அவள் இதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன்.

ஒரு செய்திக்கு இரண்டு ஆதாரம் வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். மாமாவின் சொல் ஒன்று. இரண்டாவதை நானே தேடிப்போனேன். அந்த சாஃப்ட் டயரைப் போட்டு, வண்டிக்கு விளக்கையும் நம்பர் பிளேட்டையும் திரும்ப மாட்டிக்கொண்டு, ஒரு விடியற்காலையில் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறினேன். வெள்ளிமலைவரை கொண்டை ஊசி வளைவுகள். நிதானமாகத்தான் ஓட்டினேன், ஆனாலும் எந்த வளைவிலும் பின்சக்கரம் அசையவில்லை. மேலே நிறுத்தி ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். புதிது போலவே இருந்தது. மாமா சொன்னது சரி என்று குறித்துக்கொண்டேன். மலையில் தார் குளிர்ந்திருக்கும். பந்தயத் தடத்தில் மதியம் செருப்பில்லாமல் நிற்க முடியாது. இது எனக்குத் தெரியாததல்ல. ஏற்கெனவே நம்பிவிட்ட ஒன்றுக்கு ஆதாரம் தேடுகிறவன் எந்த இடத்தில் தேடுவானோ அந்த இடத்தில் தேடினேன்.

பந்தயம் பன்னிரண்டரை மணிக்கு. முதல் ஐந்து ரவுண்டில் மூன்றாவதாக ஓடினேன். அதுவரை நான் அவ்வளவு முன்னால் ஓடியதில்லை. ஆறாவது ரவுண்டில் வலது வளைவுகளில் பின்சக்கரம் வழுக்க ஆரம்பித்தது. ஏழாவதில் ஆக்சிலரேட்டரைத் திறக்கவே பயமாக இருந்தது. எட்டாவதில் மாமா என்னைக் கடந்து போனார், திரும்பிப் பார்க்காமல். நான் ஒன்பதாவதாக முடித்தேன், மாமா நான்காவது. இறங்கியதும் அவரைக் கட்டிப்பிடித்தேன். நான்தான் டயரைச் சரியாகப் பார்த்து ஓட்டவில்லை, நீங்கள் கொடுத்ததை வீணாக்கிவிட்டேன் என்றேன். அவர் என் முதுகைத் தட்டினார்.

அதன்பின் வந்த ஐப்பசியில்தான் வைக்கோல் போரின் மேல் அந்த டயரைப் பார்த்தேன். இறக்கிப் பார்த்தேன். வலது ஓரம் முழுக்க ரப்பர் சுருண்டு, கிழிந்து, நீலம் பாய்ந்திருந்தது. என் டயரும் பந்தயம் முடிந்தபோது அப்படியேதான் இருந்தது. பன்னிரண்டு ரவுண்டு என்று என்னிடம் சொன்ன மனிதர், டயரில் பழக்கத்தால் உண்மையை எழுதியிருந்தார்.

வாயில் பிரஷ்ஷோடு மாமா வந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார். ஆறு என்று போட்டிருக்கிறதே என்றேன். போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

“ஆறுதான் ஓடிச்சி. ஏழாவது ஓட்டியிருந்தா வுழுந்திருப்பேன்.”

“என்கிட்ட பன்னெண்டுன்னு சொன்னீங்களே மாமா.”

“சொன்னேன்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நாலு வருசமா உன் பின்னாடியே வந்துகினு இருந்தேன். உன் பின்சக்கரத்தத் தவிர நான் இன்னா பாத்தேன், சொல்லு? ஒரே டயரு போட்டா உன்ன எப்பிடி மச்சான் புடிக்கறது?”

அதுவரை அவர் என்னைத் தன்னைவிட வேகமானவன் என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

அடுப்படி ஜன்னலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. “இன்னா, மாமனும் மச்சானும் வைக்கோலுக்கு வெல பேசறீங்களா? அந்த டயர எடுத்த எடத்துலயே வைடா. காத்து ஜாஸ்தியா அடிக்குது, பாயி பறந்துடும்.”

வைத்தேன். அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. காபி ஆறியிருந்தது, குடித்துவிட்டு ஆற்றுக்குப் போனேன். பாலத்தருகே நின்று, தண்ணீர் எந்தப் படிவரை வந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, ஒன்பது மணிக்குள் செய்தியை அனுப்பினேன்.

அதன்பின் நான் பந்தயத்துக்குப் போகவில்லை, வண்டியை விற்றுவிட்டேன். மாமா அந்த அணிக்காக ஒரு பருவம் ஓட்டினார். முதல் ஐந்துக்குள் ஒரு முறையும் வரவில்லை. ஆனால் அவரை அணி விடவில்லை. புதிதாக வரும் பையன்கள் எந்த டயரைப் போட வேண்டும் என்று இப்போது அங்கே சொல்பவர் அவர்தான்.