கிட்டங்கிக்குள் பெய்த பனி

1. ஸ்டீமர் ஓடாத வாரம்

கொழும்பு ஸ்டீமரின் பாய்லர் கெட்டுப்போன அன்றைக்குப் பார்த்துத்தான் அந்த பாலே நடனக் கோஷ்டி தூத்துக்குடி ஸ்டேஷனில் வந்து இறங்கியது. யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. நான் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் பாசேஜ் கிளார்க். டிக்கெட் கொடுப்பது, பிரயாணிகளை லாஞ்சுப் படகில் ஏற்றி, கரைக்கு வர முடியாமல் தள்ளி ஆழத்தில் நிற்கும் ஸ்டீமரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது, ஸ்டீமர் இல்லாவிட்டால் அவர்களிடம் திட்டு வாங்குவது ஆகியவை என் வேலைகள். கடைசி வேலைதான் அதிகம்.

சம்பளமில்லாத வேலை ஒன்றும் உண்டு. எங்கள் ஆபீஸ் துரைக்குத் தமிழ் வராது. எங்களுடைய மிகப் பெரிய ஷிப்பரான உப்பு அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் வராது. அண்ணாச்சியின் உப்பளத்தில் விளையும் உப்பு எங்கள் கப்பலில்தான் கல்கத்தாவுக்குப் போகும். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிக் கொடுப்பவன் நான். துரை, "இந்த ஆள் சரியான முட்டாள்" என்பார். நான், "துரை யோசிச்சுச் சொல்லுதேங்காரு அண்ணாச்சி" என்பேன். அண்ணாச்சி, "இவன் கெடக்கான், கடல்ல வேற கப்பலே இல்லையாக்கும்" என்பார். நான் துரையிடம், "சம்மதிப்பார் போலிருக்கிறது" என்பேன். இப்படியாகக் கல்கத்தாவுக்கு உப்பு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் என் வேலை டெம்பரரி. புதுக்கோட்டையில் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளைக்கு வேலை பெர்மனென்ட் ஆகட்டும், அடுத்த முகூர்த்தத்திலேயே தாலி கட்டிரலாம்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தார். எனக்குத்தான் நிம்மதியில்லை. பெண்ணை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். முகம் மறந்துவிடுமோ என்ற பயம் வந்துவிட்டது.

கோஷ்டியில் ஏழெட்டுப் பெண்கள், சில ஆண்கள், அவர்களை மேய்க்க ஒரு வயதான அம்மாள். அந்த அம்மாளை எல்லோரும் மதாம் என்றார்கள். ரஷ்யாவில் பிறந்து, பாரிஸில் வளர்ந்து, யுத்தத்தில் பம்பாயில் மாட்டிக்கொண்டவர். முக்கிய ஆட்டக்காரியின் பெயர் லிடியா. ஸ்டீமர் எப்போது ஓடும் என்று சொல்ல முடியாது என்றதும் மற்றவர்கள் பெட்டிகளின் மேல் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். லிடியா மட்டும் எங்கள் ஆபீஸ் கவுண்டரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்குவதும் நிமிர்வதுமாகப் பயிற்சியை ஆரம்பித்துவிட்டாள். சரக்கு புக் பண்ண வந்த வியாபாரிகள் வந்த காரியத்தை மறந்து நின்றார்கள்.

துரைசானி லண்டனில் பாலே பார்த்தவர். கோஷ்டி ஊரில் இருக்கும்போதே ஒரு ஆட்டம் வைத்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கிளப்பில் இடம் போதாது. பஞ்சு சீசன் முடிந்து காலியாகக் கிடந்த அண்ணாச்சியின் சரக்குக் கிட்டங்கிதான் ஊரிலேயே பெரிய இடம். துரை என்னைக் கூப்பிட்டார்.

"ஆட்டம் நடக்க வேண்டும். ஆனால் அதனால் அந்த உப்பு வியாபாரி மனம் கோணி, சரக்கை வேறு ஏஜென்டிடம் கொடுத்தால் நீயும் அதோடு போய்விடலாம். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் உன்னை பெர்மனென்ட் செய்கிறேன்."

எனக்குக் கண் முன்னால் புதுக்கோட்டை ரோடு தெரிந்தது.

2. பார்க்கக்கூடாததைப் பார்த்தவர்கள்

அண்ணாச்சி ஊர் நல்லொழுக்க சங்கத்துக்கும் தலைவர். அதற்கு முந்தின வருஷம் ஒரு கல்யாண வீட்டில் நடக்கவிருந்த சதிராட்டக் கச்சேரியை நிறுத்திப் பேர் வாங்கிய சங்கம் அது. நான் போய்க் கேட்டதும் அண்ணாச்சி வெற்றிலையை மென்றபடி யோசித்தார்.

"கிட்டங்கி தாரேன். ஆனா ஆட்டத்த மொதல்ல சங்கம் பாக்கணும்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"ஜனங்க பாக்கலாமா பாக்கக்கூடாதான்னு யாராவது பாத்துத்தானலே சொல்லணும்?"

மாதக் கூட்டத்துக்கு நான்கு பேர் சேராத சங்கம் ஒத்திகைக்கு முழுசாக வந்து சேர்ந்தது. சிலர் மைத்துனர்களையும் கூட்டி வந்தார்கள். பார்த்து முடித்ததும், ஒரு நாள் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது, நாளைக்கும் பார்க்க வேண்டும் என்றார்கள். மறுநாளும் அவர்களுக்கு நியாய உணர்ச்சி குறையவில்லை.

லிடியா கால் பெருவிரல் நுனியில் நிமிர்ந்து நின்றதைப் பார்த்து அண்ணாச்சி கேட்டார். "அந்தப் பிள்ளை எதுக்கு நுனி விரல்ல நிக்குது? தரையில முள்ளு கிள்ளு கெடக்கா?"

மதாமிடம் கேட்டேன். அவர் உற்சாகமாகி நீளமாகச் சொன்னார். உங்கள் நாட்டு ஆட்டத்தைப் பார்த்திருக்கிறேன், அது பூமியை மிதித்து, பூமியோடு பேசும் ஆட்டம். எங்களுடையது பூமியிலிருந்து தப்பிக்கப் பார்க்கும் ஆட்டம். தரையை மனசில்லாமல் தொடுவதுபோல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பெண்கள் சின்ன வயசிலிருந்து விரல்களைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள் என்றார்.

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொல்லி எப்போது கரையேறுவது? "தரை அழுக்கா இருக்குன்னு சொல்லுதாங்க அண்ணாச்சி" என்றேன். சாயங்காலத்துக்குள் கிட்டங்கியைக் கழுவி விட்டார்.

பாவாடையில்தான் பெரிய சிக்கல் வந்தது. பாலேயில் ஒரு குட்டைப் பாவாடை உண்டு. இடுப்பைச் சுற்றி விறைப்பாக நிற்கும். "என்னலே இது, குடைய விரிச்சு இடுப்புல மாட்டினமாதிரி? மழைக்கு உதவும், மானத்துக்கு உதவாது" என்றார் அண்ணாச்சி. கணுக்கால்வரை பாவாடை இறங்கினால்தான் கிட்டங்கிக் கதவு திறக்கும் என்று சங்கம் தீர்மானம் போட்டது.

நான் பயந்துகொண்டே மதாமிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பாலேயில் பழைய பாணி ஒன்று இருக்கிறது, அதில் மெல்லிய நீளப் பாவாடைதான், ஆடுகிறவள் புகைபோல மிதப்பது தெரியும்; பிற்பாடு காலின் வேலை தெரிய வேண்டும் என்று வெட்டிக் குட்டையாக்கினார்கள்; இங்கே பழைய பாணியிலேயே ஆடிவிடலாம் என்றார்.

லிடியாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "நான் இத்தனை வருஷம் பழகியது காலின் வேலையை. அதை மூடிவிட்டு எதைக் காட்டுவது?" என்று மதாமிடம் சண்டை பிடித்தாள். பழையதா புதியதா, ரஷ்யப் பாணியா பிரெஞ்சுப் பாணியா என்று இருவரும் முதலில் இங்கிலீஷிலும் பிறகு எனக்குப் புரியாத பாஷையிலும் கத்திக்கொண்டார்கள். லிடியாவிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மதாமுக்கும்தான்.

"என்னலே சண்டை?" என்றார் அண்ணாச்சி. மதாம் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருந்தார். முன்னொரு காலத்தில் ஒரு ஆட்டக்காரி பாவாடையை ஒரு சாண் உயர்த்தியதற்கே அங்கே ஊர் இரண்டுபட்டதாம். அதை மட்டும் சொன்னேன். அண்ணாச்சி முகம் மலர்ந்துபோயிற்று. "அப்போ அங்கனயும் நம்ம சங்கம் இருந்திருக்கு!"

சங்கத்தின் காரியதரிசி நடுவில் ஒரு யோசனை சொன்னார். கதையைக் கிருஷ்ண லீலை என்று மாற்றிவிட்டால் பாவாடை எப்படி இருந்தாலும் பக்தியாகிவிடும் என்றார். மதாம் அதற்கு, "வடக்கே உங்கள் ஆட்டத்தையும் எங்கள் ஆட்டத்தையும் கலந்து ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டையும் கற்றுக்கொண்டு கலக்கிறார்கள். எனக்கு உங்கள் கிருஷ்ணனைத் தெரியாது" என்றார். நான் காரியதரிசியிடம், நீலச் சாயம் கிடைக்கவில்லையாம் என்று சொல்லி முடித்தேன்.

பாவாடைகளை நீட்டுவதற்குத் துரைசானி பங்களாவிலிருந்த கொசுவலைகளைக் கொடுத்தார். தோணிக்குப் பாய் தைக்கிறவர் உட்கார்ந்து தைத்தார். அந்த வாரம் முழுவதும் துரை ஆபீஸில் கையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

3. உப்பு

ஆட்டத்தின் கதை இதுதான். ஒரு பெண் அப்பா வீட்டைத் தேடிப் போகிறாள். வழியில் பனி பெய்கிறது. வழி தவறி, பனியோடு பனியாக ஆடி, விடியும்போது வீட்டு வாசலில் விழுகிறாள். பனிக்கு மதாம் காகிதத் துணுக்கு கேட்டார். யுத்தம் முடிந்தும் காகிதக் கட்டுப்பாடு முடியாத காலம். பஞ்சு போடலாம் என்றால் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் தொங்கும் இடம், பற்றிக்கொள்ளும்.

"பனி வெள்ளையாத்தான இருக்கும்? நம்மகிட்ட இல்லாத வெள்ளையா?" என்றார் அண்ணாச்சி.

முறம் நிறைய, எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு சுளகு, நைசாக அரைத்த உப்பு வந்தது. ஒத்திகையில் மேலே விட்டத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து சல்லடையில் கொஞ்சமாகத் தூவினார். விளக்கு வெளிச்சத்தில் மினுமினுவென்று இறங்கியது. மதாமே கையை நீட்டி அதை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். அந்த ஒரு சுளகு போதும் என்று என்னிடம் சொன்னார், நானும் மாற்றாமல் அப்படியே சொன்னேன்.

ஆட்டத்தன்று கிட்டங்கி நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் ஒரு பக்கம் துரைமார், இன்னொரு பக்கம் நல்லொழுக்க சங்கம். ஆரம்பிக்கும் நேரத்தில் அண்ணாச்சி மேடைக்குப் பின்னால் வந்தார். சுளகைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? கல்கத்தாவுக்குக் கப்பல் கப்பலா அனுப்புதவன் நான். என் கிட்டங்கியில சுளகுல உப்புத் தூவுனான்னு ஊரு சிரிக்காதாலே? மூட்டைய ஏத்துங்க!"

நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அளத்து ஆட்கள் மூட்டைகளோடு விட்டத்தில் ஏறிவிட்டார்கள். அதற்குள் மதாம், கிளப்பிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த பியானோவில் கை வைத்துவிட்டார்.

பனி பெய்யத் தொடங்கியது. பிறகு கொட்டத் தொடங்கியது. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் வேர்வை வழிய ஆடிக்கொண்டிருந்த பெண்களின் தலையில், கழுத்தில், கண்ணில் உப்பு. தரையில் விழுந்தது கால் வேர்வையில் கரைந்து துணிச் சப்பாத்துக்குள் இறங்கியது. அந்த விரல்கள் எப்படி இருக்கும் என்று ஒத்திகைகளில் நான் பார்த்திருந்தேன். லிடியாவின் கண்கள் சிவந்து தாரையாகக் கண்ணீர் ஓடியது.

நான் விட்டத்தைப் பார்த்து, "போதும், நிறுத்துங்கலே!" என்றேன். "அண்ணாச்சி சொல்லாம நிறுத்தமாட்டோம்" என்று பதில் வந்தது. அண்ணாச்சி முன்வரிசையில் தன் உப்பைப் பார்த்துப் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

சுழன்றுகொண்டே மேடையோரம் வந்த லிடியாவிடம், "படுதாவை இறக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"இறக்கினால் உன்னைக் கொன்றுவிடுவேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி நடு மேடைக்குப் போனாள்.

கண்ணைத் திறக்க முடியாமல் ஆடினாள். நுனி விரலில்தான் ஆடினாள். எனக்கு ஆட்டத்தின் இலக்கணம் ஒன்றும் தெரியாது. ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கப்படாமல் அழுதேன். சங்கத்து ஆட்களும் அழுதார்கள். காரியதரிசி துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்னமா நடிக்குது பாத்தீரா! அப்பன் வீட்ட நெனச்சு அழுவுதுல்லா" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னது மேடைவரை கேட்டது.

4. இரண்டு வார்த்தை

முடிந்ததும் பாராட்டுக் கூட்டம். துரைசானிக்குக் கலையை வளர்த்ததற்காக மாலை. அண்ணாச்சிக்கு ஒழுக்கத்தைக் காத்ததற்காக மாலை. ஆடியவர்களுக்கு மாலை வாங்கவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அதற்குப் பதிலாக லிடியாவை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பின்னால் வாளியில் நல்ல தண்ணீரை அள்ளி அள்ளிக் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தவள், ஈரத் துண்டோடு மேடைக்கு வந்தாள். பக்கத்தில் நான் நின்றேன்.

"என் பாவாடை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று ஊரே கூடிப் பேசினீர்கள். என் கால் தெரியலாமா என்று பேசினீர்கள். மேலேயிருந்து நீங்கள் கொட்டியது உப்பு. அது என் கண்ணிலும் கால் புண்ணிலும் எரிகிறது. நான் அழுதது நடிப்பில்லை. மூட்டையை ஏற்றுமுன் என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

துரையின் முகம் வெளுத்தது. வேண்டாம் என்று எனக்கு மட்டும் தெரியும்படி தலையை ஆட்டினார். அவருக்கு அவருடைய கல்கத்தாச் சரக்கு, எனக்கு என் புதுக்கோட்டைக் கல்யாணம். "எல்லாருக்கும் நன்றி சொல்லுதாங்க" என்று நான் சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கண்களை அவ்வளவு பக்கத்தில் பார்த்த பிறகு எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் தமிழில் சொன்னேன்.

அண்ணாச்சி மெதுவாக எழுந்தார். என் கல்யாணம் நின்றுபோயிற்று என்று நினைத்தேன்.

"எல்லாரும் கேட்டியளா?" என்றார் அண்ணாச்சி, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி. "எரியுதாம்! எரியத்தான செய்யும்? மண்ணும் சுண்ணாம்பும் கலந்த உப்புன்னா இப்படி எரியுமா? வெள்ளைக்காரப் பிள்ளை வாயாலயே சொல்லிட்டுல்லா, நம்ம உப்பு அசல் உப்புன்னு!"

கிட்டங்கி அதிரக் கைதட்டினார்கள். காரியதரிசி எழுந்து, "அப்படி எரிஞ்சும் பாவாடை கணுக்காலுக்கு மேல ஏறல பாத்தியளா, அதுதான் ஒழுக்கம்" என்றார். அதற்கும் கைதட்டினார்கள். ஒன்றும் புரியாத துரையும் நிம்மதியாகக் கைதட்டினார்.

மறுநாளே எனக்கு பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. துரை எழுந்து நின்று கை கொடுத்தார். "அந்தப் பெண் சொன்னதை நீ எப்படித்தான் மாற்றினாயோ! உன்னைப்போல ஒரு மொழிபெயர்ப்பாளனை நான் பார்த்ததில்லை" என்றார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் என் அடக்கத்தை மெச்சினார்.

ஸ்டீமர் சரியாகி, கோஷ்டியை லாஞ்சில் ஏற்றிவிடும்போது லிடியா என்னைக் கேட்டாள்.

"நான் சொன்னதை அப்படியே சொன்னாயா?"

"அப்படியே சொன்னேன்."

"பிறகு ஏன் கைதட்டினார்கள்?"

அண்ணாச்சி பேசியதைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கண் ஓரத்தில் இன்னும் சிவப்பு போகவில்லை. லாஞ்ச்காரர் கூப்பிட்டார், போய்விட்டாள்.

அந்த ஆபீஸில் தலைமை கிளார்க்காகி ரிட்டயர் ஆகும்வரை எத்தனையோ பேருக்குப் பேச்சை மாற்றிக் கொடுத்தேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். யார் எதைச் சொன்னாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். வேலை போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். கேட்கிறவர்களே அதைத் தங்களுக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வார்கள். அந்தப் பாவத்தை நாம் வேறு எதற்குச் செய்ய வேண்டும்?